நான் அருகில் இருந்தேன்

வாண்டோ
9 மார்ச் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யேசான் எழுதுவது. தீவுக் காற்றில் உதடு வெடித்திருப்பதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? யாங்குவில் இன்னும் பனி கிடக்கிறதாமே, ஹாராமுக்கு இருமல் விட்டதா?

புத்தாண்டன்று நீ தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னபடி, ஓக்ஜா அம்மாவின் சலூன் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். உன் கைபேசிக்கு வருவதெல்லாம் அத்தானின் டேப்லெட்டிலும் தெரிகிறதாம். முப்பத்து மூன்று வயதில் தம்பியின் கடிதம் வாங்க உனக்கு ஒரு முடிவெட்டும் கடை வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி வேறு எதுவும் நான் சொல்லப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் படிப்பைக் காட்டி வாங்கிவந்த தவணை இந்த வருடத்தோடு முடிகிறது. பட்டாளத்துக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். துப்பாக்கிக்குப் பதிலாக மூன்று வருடம் சிறைச்சாலைச் சமையல்கட்டில் வேலை செய்ய இப்போது சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஆய்வுக் குழு என்னை நம்பவேண்டும். நம்பாவிட்டால் அதே சிறைச்சாலைக்குக் கைதியாகப் போவேன். சில சபைகளில் ஆயுதம் தொடக்கூடாது என்பதே விதி. அவர்களுக்குச் சுலபம். நம் சபை பீரங்கிக்கும் ஜெபம் பண்ணுகிற சபை. "உங்க சபையே அனுப்புது. உனக்கு மட்டும் தனி பைபிளா தம்பி?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். இந்த நம்பிக்கை எப்போது, எதனால் வந்தது என்பதற்குக் கண்ணால் கண்டவர் ஒருவரின் வாக்குமூலம் வேண்டுமாம்.

அப்பாவிடம் பேசினேன். "சுவிசேஷம் சொன்னதுக்காக உன் தாத்தாவ யுத்தத்துல மூங்கில் ஈட்டியால குத்துனாங்க. குத்துனவன் கூட்டம் இன்னும் எல்லைக்கு வடக்க உட்கார்ந்திருக்கு. நீ ஜெயில்ல சோறு வடிக்கப் போறியா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். தாத்தா கையில் பைபிள் மட்டும்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இணைப்பு போய்விட்டது.

மீதி இருப்பது நீதான். 2008 கோடை, கடற்கரை முகாம். பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. அது போதும்.

இங்கே சிப்பிப் பண்ணை முதலாளி நல்லவர். சிப்பியை ஓட்டிலிருந்து பிரிக்கும்போது, "துப்பாக்கி ஆகாதுங்கிற, கத்திய மட்டும் இவ்வளவு அழகா பிடிக்கிற!" என்று கேலி செய்கிறார். அடுத்த சிப்பியை எடுத்துக்கொள்கிறேன்.

ஹாராமுக்கு முத்தங்கள்.

உன் தம்பி
யேசான்


யாங்கு
2 ஏப்ரல் 2021

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உதட்டுக்கு ஏதாவது தடவு. நாக்கால் நனைக்காதே, சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் உனக்கு.

நாங்கள் சுகம். பனி உருகிக் குடியிருப்பு வாசலெல்லாம் சேறு. ஹாராமுக்கு இருமல் விட்டுவிட்டது. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது, ஐந்து வயதில் இது சீக்கிரமா தெரியவில்லை. நாளை மறுநாள் ஈஸ்டர். நோய்க் கட்டுப்பாட்டால் அத்தானின் படை ஆலயத்துக்குள் ஐம்பது சிப்பாய்களைத்தான் விடுவார்கள். மற்றவர்களுக்குப் பாசறைக்கே முட்டை போகவேண்டும். அறுநூறு முட்டை அவித்து, ஒவ்வொன்றுக்கும் காகிதம் சுற்றி, வசனம் எழுதினோம். என் விரல்களெல்லாம் இன்னும் நீலமாக இருக்கின்றன. பையன்கள் முட்டையை விட அதோடு வரும் சாக்லேட் பிஸ்கட்டுக்குத்தான் அல்லேலூயா சொல்வார்கள். அத்தான் அதற்கும் சிரிப்பார். எல்லாரும் அவரை விரும்புகிறார்கள்.

நன்றாகச் சாப்பிடு. கடல் குளிரில் கால்களை ஈரமாக வைக்காதே.

அன்புடன் அக்கா
சன்ஹ்வா


வாண்டோ
18 ஏப்ரல் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீயும் நலமென்று தெரிந்தது. அறுநூறு முட்டை என்றும் தெரிந்தது. நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

நீ மறந்திருந்தால் என்று, குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்ததிலிருந்து ஒரு பகுதியை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'எனக்குப் பதினான்கு வயது. எங்கள் சபை, வாலிபர்களைக் கிறிஸ்துவின் வீரர்களாக்க ஒரு ராணுவப் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. மூன்றாம் நாள் சேற்றுக் கடலில் ரப்பர் படகைத் தலையில் தூக்கி நடந்தோம். கிஹூன் என்ற என் வயதுப் பையன் இரண்டு முறை தன் முனையைக் கீழே போட்டான். நான் குழுத் தலைவன். பொறுப்பாளர் என் கையில் துடுப்பைக் கொடுத்து, "நீதான் லீடர். அவன நேராக்கு. இதுவும் அன்புதான்" என்றார். மூன்று அடி அடித்தேன். மூன்றாவது காதில் விழுந்தது. அவனுக்கு இடது காது இன்றுவரை கேட்காது. முதல் அடி பயத்தில் அடித்தேன். மூன்றாவது அடி எனக்குப் பிடித்திருந்தது. கட்டளை ஒன்று கிடைத்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற வசனத்தை அதன்பிறகு என்னால் ஒப்பிக்க முடிந்ததில்லை. அதற்குக் கீழ்ப்படிய மட்டுமே முயல்கிறேன்.'

இதுதான் நான் எழுதியது. பொறுப்பாளர் பெயரை எழுதவில்லை. நீ பார்லித் தண்ணீர் பாட்டில்களோடு பத்தடி தள்ளி நின்றாய். அதையும் எழுதவில்லை.

ஆனால் நீ எழுது அக்கா.

யேசான்


யாங்கு
20 மே 2021

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? பதில் தாமதமாகிவிட்டது. சலூனுக்குப் போக ஒரு காரணம் வேண்டுமே. போன மாதம்தான் முடி வெட்டினேன்.

நீ கோபத்தில் இருக்கிறாய். ஒரு நல்ல சேதி சொல்கிறேன், பொறுமையாகப் படி. நீ அனுப்பியிருக்கும் விண்ணப்பம் பற்றி அப்பா அத்தானிடம் சொல்லியிருக்கிறார். அத்தான் கோபப்படவில்லை. சாப்பிடும்போது, "யேசான என் மாதிரி ஒரு படை போதகருக்கு உதவியாளா போட்டுடலாம். பியானோ வாசிப்பான், நாற்காலி அடுக்குவான். துப்பாக்கி பக்கமே போகவேண்டாம். அஞ்சு வாரப் பயிற்சி மட்டும்தான், கண்ண மூடிக்கிட்டு சுட்டா கூட பாஸ் பண்ணிடுவாங்க" என்றார். ஐந்து வாரம்தான் தம்பி. உன் பெயரில் குற்றப் பதிவு இருக்காது. நாளைக்கு வேலை, கல்யாணம் எதற்கும் தடை வராது.

கிஹூன் விஷயத்தில் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்து முடிந்துவிட்டது. அவன் படகில் வழுக்கி விழுந்தான் என்று அதில் இருக்கிறது. கீழே என் பெயரும் இருக்கிறது. அப்போது எனக்கு இருபது வயது. அப்பா பக்கத்தில் நின்றார். அவரும் நின்றார். இதற்கு மேல் எழுத வரவில்லை.

செப்டம்பரில் மேஜர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. இந்த முறை அத்தான் பெயர் இல்லாவிட்டால் பணியிலிருந்தே விலகவேண்டி வருமாம். இந்த வீடும் அதோடு போகும். இதைச் சும்மா சொன்னேன்.

ஹாராமின் பல் விழுந்தது. கூரைமேல் எறிந்தோம். நான்காவது மாடிக் குடியிருப்பில் கூரை எங்கே இருக்கிறது, பக்கத்துப் பால்கனியில் விழுந்தது.

அன்புடன்
அக்கா


வாண்டோ
12 ஜூன் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

அத்தானிடம் நன்றி சொல். கண்ணை மூடிக்கொண்டு சுடச் சொல்கிற ஒரு சபையில் இருபத்தேழு வருடம் கண்ணை மூடி ஜெபம் பண்ணியாகிவிட்டது. போதும்.

போன ஞாயிறு குவாங்ஜு போய் கிஹூனைப் பார்த்தேன். கார் டிங்கரிங் பட்டறையில் வேலை. என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான். பதின்மூன்று வருடம். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"வாங்க லீடர்! வலது பக்கம் வந்து நில்லுடா. இடது பக்கம் நின்னா நீ பேசுறது எனக்கு சினிமா மாதிரி, படம் மட்டும்தான் ஓடும்" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். "ஏன்டா அழற? உன் புண்ணியத்துல எனக்குப் பட்டாளம் இல்ல. ஒரு காது ஆளு வேணாம்னு தள்ளிட்டான். இந்த ஊர்ல பணக்காரன் மகன் எல்லாம் டாக்டர்கிட்ட போய் வாங்குற சர்டிபிகேட், எனக்கு நீ துடுப்பால எழுதிக் குடுத்த" என்று சிரித்தான். பட்டறையில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அவன் சிரிப்பது நின்றது.

"எனக்கு உன் மேல கோபம் ஆறிப்போச்சு. உனக்குக் கையில துடுப்பு குடுத்தானே, அவன் அப்ப ஒரு ஜெபம் பண்ணினான் பாரு, என் காதுல ரத்தம் வந்துக்கிட்டே இருக்கு, 'இந்தப் பிள்ளைகளை வீரர்களாக்கினதற்காக ஸ்தோத்திரம்'னு. அது வலது காதுல இன்னும் கேக்குது. அவன்தான் இப்ப உங்க வீட்டு மாப்பிள்ளையாமே?"

வாக்குமூலம் கேட்டேன். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எழுதுறேன். ஆனா ஒண்ணு. உங்க அக்கா எழுதின காகிதத்த வச்சுத்தான் எங்கம்மாவ சபையில பொய்க்காரின்னாங்க. அம்மா சாகிற வரைக்கும் வேற சபைக்குப் போகல. இப்ப நான் தனியா எழுதினா யார நம்புவான்? மூப்பர் மகள், போதகர் பொண்டாட்டி, அவங்களத்தான். ரெண்டாவது தடவ பொய்க்காரனாக எனக்குத் தெம்பு இல்லடா. டீச்சர் முதல்ல எழுதட்டும். அவங்க எழுதின அடுத்த நிமிஷம் நான் எழுதுறேன்."

ஞாயிறு பள்ளியில் நீ பாடம் சொன்ன நாள் போலவே, இன்னும் உன்னை டீச்சர் என்றுதான் சொல்கிறான்.

யேசான்


வாண்டோ
20 ஜூலை 2021

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. ஐந்து வாரம் பெரிய விஷயமில்லை என்று நீதான் எழுதியிருந்தாய்.

விசாரணை செப்டம்பர் பதினான்காம் தேதி. முதலாளி லீவு கொடுத்துவிட்டார். "தோத்துட்டா ஜெயிலு, ஜெயிச்சாலும் ஜெயிலு. நீ எந்த ஊர்ப் பரீட்சைடா எழுதுற?" என்று கேட்டார்.

ஒரு வரி போடு.

யேசான்


யாங்கு
3 ஆகஸ்ட் 2021

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் யேசானுக்கு,

சமாதானம் உண்டாவதாக. ஜின்தே எழுதுகிறேன். வெயில் கடுமை. உன் உடல்நலத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

சென்ற வாரம் முடி வெட்டப் போனபோது சலூன்கார அம்மா, "போதகரே, உங்க வீட்டம்மாவுக்கு லெட்டர் வந்து கிடக்கு" என்று என் கையில் கொடுத்தார்கள். வீட்டில் மற்றவற்றையும் சன்ஹ்வாவே எடுத்துக் கொடுத்தாள். கணவன் மனைவிக்கிடையில் ஒளிவு இருக்கக்கூடாது என்று அவளும் ஒத்துக்கொண்டாள். நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

உன் மனச்சாட்சியை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேள். இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் வடக்கு எல்லைக் கம்பிவேலி. இருபது வயதுப் பிள்ளைகள் அங்கே நிற்பதால்தான் நீ தீவில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறாய். போன குளிர்காலம் அப்படி நின்ற ஒருவனை நான்தான் அடக்கம் செய்தேன், எப்படி இறந்தான் என்பதை அவன் தாயிடம் நான்தான் பாதி சொல்லிப் பாதி சொல்லாமல் விட்டேன். என் கையும் சுத்தமில்லை. சுத்தமான கையோடு இந்த நாட்டில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. உன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உன் அக்காவின் வீட்டை இடிக்காதே.

நீ கேட்ட வாக்குமூலத்தை அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். இணைத்திருக்கிறேன். இது உனக்கு உதவும்.

உன் நலம் நாடும்
கு ஜின்தே

[இணைப்பு]
மூன் யேசான் என் தம்பி. சிறு வயது முதல் அமைதியானவன். பூச்சியைக்கூட மிதிக்கமாட்டான். யார் மேலும் கை ஓங்கியதில்லை. 2008 முகாமிலும் அவன் யாரையும் அடிக்கவில்லை. நான் அருகில் இருந்தேன். எதுவும் நடக்கவில்லை.
மூன் சன்ஹ்வா


வாண்டோ
25 ஆகஸ்ட் 2021

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் நலமென்று நம்புகிறேன். ஹாராமுக்குப் புதுப் பல் முளைத்திருக்கும்.

வாக்குமூலம் கிடைத்தது. நன்றி. அக்காவின் கையெழுத்து முன்பைவிட அழகாகியிருக்கிறது.

இங்கே அறுவடை வேலை அதிகம். இனி எழுத நேரம் இருக்காது.

யேசான்


வாண்டோ
15 அக்டோபர் 2021

அக்கா,

நான் அனுப்பும் இந்தக் காய்ந்த கடற்பாசிக் கட்டை நீ பிரிக்கும்போது இது கையில் கிடைக்கும். அத்தான் பிரிக்கமாட்டார். சமையலறை அவருடைய ஊழியத்தில் சேராது. நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். ஆகவே கேட்கவில்லை.

விசாரணைக்குப் போனேன். நீண்ட மேசை. தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "உங்க தாத்தாவ கொன்னாங்க. நாளைக்கு உங்க அக்காவ கொல்ல வர்றான். துப்பாக்கி இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"சுட்டுருவேனோன்னு பயமா இருக்கு. அதனாலதான் கையில குடுக்காதீங்கன்னு கேக்கிறேன்" என்றேன்.

"அப்ப நீங்க சாந்தமானவர் இல்ல?"

"இல்லீங்க."

இன்னொருவர், ஏதோ சபைப் பெரியவர் போல இருந்தார், "முகாம்ல அடிச்சேன்னு எழுதியிருக்கீங்க. ஆனா ஆஸ்பத்திரிக் கோப்புல வழுக்கி விழுந்தான்னு இருக்கு. இரக்கம் வாங்க கதை கட்டுறீங்களா தம்பி?" என்றார். மற்றவர்கள் காகிதத்தைப் புரட்டினார்கள். நான் செய்த பாவத்தைச் செய்தேன் என்று நிரூபிக்க முடியாமல் நின்றேன் அக்கா. இப்படி ஒரு இடத்தில் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

நீ எழுதியது சட்டைப்பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால், பூச்சியை மிதிக்காத பையன் என்று ஒருவேளை விட்டிருப்பார்கள். அதைக் கொடுத்தால் கிஹூன் இரண்டாவது தடவை வழுக்கி விழுவான். கொடுக்கவில்லை.

12-ஆம் தேதி முடிவு வந்தது. 'நம்பிக்கை உருவான விதத்துக்குத் தக்க சான்று இல்லை. நிராகரிக்கப்படுகிறது.' முறையீடு போட்டிருக்கிறேன், வெறுங்கையோடு. எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். கிஹூனின் எண்ணும் இருக்கிறது. சான்று சேர்க்கக் கடைசி நாள் ஜனவரி பத்து. எழுது என்று இனி கேட்கமாட்டேன். உன்னை அந்த வீட்டில் வைத்துப் பூட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. மூன்றாவது அடியை நான் அடிக்காமல் இருந்திருந்தால் நீ அந்தக் காகிதத்தை எழுதி அவரோடு கட்டுப்பட்டிருக்கவே வேண்டாம்.

பாசி நல்லது. சூப்பு வை.

யேசான்


யாங்கு
5 ஜனவரி 2022

அன்புத் தம்பி யேசானுக்கு,

நான் சுகம் என்று எழுதமாட்டேன். ஹாராம் சுகம். அதாவது காய்ச்சல் எதுவும் இல்லை.

பாசியை அன்றைக்கே பிரித்தேன். உன் கடிதத்தை அரிசி டப்பாவில் அடியில் வைத்து, தினமும் அதன்மேல் இருந்துதான் அரிசி அளந்தேன். எண்பது நாளுக்கு மேல். ஓக்ஜா அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அவரு போதகராச்சே கண்ணு, அவர் கையில குடுக்காம வேற யார் கையில குடுப்பேன்?" என்று அழுகிறாள். அவள் மேல் தப்பில்லை. இந்த ஊரில் எல்லாருமே அப்படித்தான் கொடுப்பார்கள்.

அத்தானுக்கு மேஜர் கிடைத்துவிட்டது. தோளில் பட்டையை நான்தான் குத்தினேன், படம் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை பாலர் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கூட்டிவரப் போனால், என் கண்ணெதிரில், வாசலிலேயே ஹாராம் மர அளவுகோலால் ஒரு பையனை அடித்தான். வரிசையில் நேராக நிற்கவில்லையாம். நெற்றியில் ரத்தம். அழுகிற பையனிடம் ஹாராம் என்ன சொன்னான் தெரியுமா? "உன்ன நேராக்குறேன். இதுவும் அன்புதான்."

இந்த வாக்கியத்தை அவன் எங்கே கேட்டான் என்று நான் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. என் வீட்டில் கேட்டான். அளவுகோலும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இதை நீ இதுவரை அறிந்ததில்லை. அவனுக்கும் விழும், எனக்கும்.

ஆசிரியை ஒரு தாளை நீட்டி, "பாத்தத எழுதிக் குடுத்துடுங்கம்மா, கோப்புக்கு" என்றாள். அத்தானுக்குப் போன் செய்தேன். "வழுக்கி விழுந்தான்னு எழுதிடு. அந்தப் பையன் அப்பன் சார்ஜென்ட்தான், ஒண்ணும் பேசமாட்டான்" என்றார். சத்தமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

குழந்தைகளின் நாற்காலியில், முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து எழுதினேன். 'என் மகன் அடித்தான். நான் அருகில் இருந்தேன். பார்த்தேன்.' மூன்றே வாக்கியம். ஆசிரியை படித்துவிட்டு, "போதுங்கம்மா" என்றாள். எனக்குப் போதவில்லை. இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன்.

இன்றைக்குப் பல் டாக்டர் என்று சொல்லி ஹாராமோடு பஸ் ஏறி சுன்ச்சொன் வந்திருக்கிறேன். நம் ஊர்த் தபால் நிலையத்தில் கவுன்டரில் இருப்பது ஒரு கேப்டனின் மனைவி. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அசலை உன் முறையீட்டு எண் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கிஹூனுக்கு ஒரு நகல். அவனோடு தபால் நிலையத் தொலைபேசியில் பேசினேன். பெயரைச் சொன்னதும் பட்டறையில் சுத்தியல் சத்தத்தை நிறுத்தச் சொன்னான். பிறகு, "டீச்சர், சத்தமா படிங்க" என்றான். படித்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உனக்கு வந்திருப்பது இரண்டாவது நகல். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ இதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அசல் போய்விட்டது.

இன்னும் நான்கைந்து நாளில் ஆய்வுக் குழுவிலிருந்து அவருக்குத் தொலைபேசி வரும். அதுவரைக்கும் சோறு வடிக்கவேண்டும், ஞாயிறு பாட்டுக்குப் பியானோ வாசிக்கவேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. நாலரை மணி பஸ்ஸில் திரும்பிப் போகிறேன். அதற்கு மேல் அந்த ஊருக்குப் பஸ் கிடையாது.

உதட்டை நாக்கால் நனைக்காதே.

உன் அக்கா
சன்ஹ்வா

[இணைப்பு]
2008 ஆகஸ்ட் மாதம் நடந்த முகாமில், என் தம்பி மூன் யேசான், கிஹூன் என்ற சிறுவனைத் துடுப்பால் மூன்று முறை அடித்தான். சிறுவன் வழுக்கி விழவில்லை. விழுந்தான் என்று அப்போது நான் எழுதியது பொய். அடிக்கச் சொல்லித் துடுப்பைக் கையில் கொடுத்தவர் சபையின் உதவி ஊழியர் கு ஜின்தே. அன்று மாலை முழுவதும் என் தம்பி கடலில் நின்று கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டும் வரவில்லை. அதன்பிறகு அவன் யாரையும் அடித்து நான் பார்க்கவில்லை.
நான் அருகில் இருந்தேன். பார்த்தேன்.
எழுதியவர்: மூன் சன்ஹ்வா
விண்ணப்பதாரருக்கு உறவு: அக்கா
மேலே குறிப்பிட்ட கு ஜின்தேவுக்கு உறவு: மனைவி